பதினொரு பக்கத்தில் நான் வெட்டிய ஒரு வரி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசியோடு எழுதுவது. நானும் நாயும் பூனையும் உயிரோடு இருக்கிறோம். உன் மகள் உடம்பு தேறியிருப்பாள், பேத்தி பால் குடிப்பதும் தூங்குவதுமாக வளர்ந்துகொண்டிருப்பாள் என்று நம்புகிறேன். நாங்கள் உயிரோடு இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், கவனித்தாயா? நாற்பத்தோரு வருஷம் நிருபர் வேலை பார்த்தவன் அப்படித்தான் எழுதுவான். முக்கியமானதை மேலே வைக்க வேண்டும், மற்றதைக் கீழே வைக்க வேண்டும், இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்ட வேண்டும். இனி நான் சொல்லப்போகும் அத்தனையும் இந்தப் பழக்கத்தால் வந்த வினை.

நீ இதைப் படிக்கும்போது நான் ரயிலில் இருப்பேன். காலை எட்டரைக்கு வண்டி. சாவி கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம். மகள் பிரசவத்துக்கு நீ போய், நான் இங்கே வீட்டைக் காத்த இந்த இருபத்திரண்டு நாளும் நீ போனில் கேட்டபோதெல்லாம் "எல்லாம் நல்லா சாப்பிடுது, நீ கவலைப்படாதே" என்று சொல்லிவந்தேன். அதில் முதல் மூன்று நாள் சொன்னது பொய். மகள் படுக்கையில் இருக்கும்போது உன்னிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. சொன்னால் நான் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். நேரில் சொல்ல முகமில்லை, பேனா பிடித்தால் எனக்குப் பொய் வராது, ஆகையால் எழுதி, உன் குறிப்புகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போகிறேன்.

அந்தக் குறிப்புகளைப் பற்றித்தான் பேச்சு. நீ எனக்காக எழுதி வைத்தது பதினொரு பக்கம். அகலத் தாள், ஒரு பக்கம் மட்டும் எழுதியது. திங்கட்கிழமை சாயங்காலம் உன்னை வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். எனக்கு நாய் தெரியாது, பூனை தெரியாது. ஆனால் ஒரு கட்டுரை எங்கே கொழுத்திருக்கிறது என்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். நாய்க்குக் காலை ஏழு, மாலை ஆறு, வேளைக்கு ஒன்றரைக் கப் தீனி என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாய். அந்த நாயைக் குட்டியாக அட்டைப்பெட்டியோடு யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போனதற்கும், அதனால் பொட்டலம் என்று பெயர் வந்ததற்கும் ஒன்றரைப் பக்கம். பூனை அம்மணிக்கு வருத்தம் வந்தால் எந்த ஜன்னலில் உட்காருவாள், சந்தோஷம் வந்தால் எந்தக் காது முதலில் திரும்பும் என்று இரண்டு பக்கம். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. ஒன்றேகால் மணி நேரத்தில் உன் பதினொரு பக்கமும் பதினான்கு வரியாயிற்று. புதுத் தாளில் சுத்தமாக எழுதி ஒட்டினேன். "பூனை எடை நாலு கிலோ நூறைத் தாண்டக் கூடாது, வெளியாட்கள் யாரும் தீனி போடக் கூடாது" என்ற வரி மட்டும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதில் செய்தி இருந்தது. அதைத் தனியாகப் பெரிய எழுத்தில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, மாடிப்படிச் சுவரிலும் ஒட்டினேன்.

பசை காய்வதற்குள் தையல்காரம்மா மேலே வந்தார். "ரொம்பக் கண்டிப்பா எழுதியிருக்கீங்களே சார்" என்றார். பிறகு மேசையில் கிடந்த உன் பதினொரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, சட்டைக் காலருக்கும் கைக்கும் அளவுத் தாள் வெட்டிக்கொள்கிறேன், கொடுக்கிறீர்களா என்று கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மொத்தக் கட்டையும் தூக்கிக் கொடுத்தேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு இரண்டு கிண்ணத்திலும் தீனி வைத்தேன். பொட்டலம் நாற்பது வினாடியில் முடித்துவிட்டு, கிண்ணத்தைச் சுவர்வரைக்கும் நக்கிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனது. அம்மணி நிதானமாக வந்தாள், முகர்ந்தாள், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் என் வழக்கப்படி அடுப்பு மேடையோரம் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பத்து மணிக்குக் குளியலறை ஜன்னல் வழியாக வெளியே போனாள், பன்னிரண்டுக்குத் திரும்பினாள். நடைப்பயிற்சி என்று குறித்துக்கொண்டேன். மாலையும் அதே கதை. வந்தாள், முகர்ந்தாள், பார்த்தாள், திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை கிண்ணத்தில் கோளாறோ என்று கிண்ணத்தை மாற்றினேன். இடத்தில் கோளாறோ என்று மேசைமேல், நாற்காலிமேல், ஜன்னலோரம், கதவோரம், கட்டிலடியில் என்று ஐந்து இடத்தில் ஐந்து கிண்ணம் வைத்தேன். ஐந்தையும் பொட்டலம் காலி செய்தது, மேசைமேல் இருந்ததை எப்படி என்று இன்றுவரை புரியவில்லை. தீனியே கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அடுத்தவர் சொன்னதை வைத்து எழுதும் வழக்கம் எனக்கில்லை, ஆகவே இரண்டு உருண்டை நானே வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு குறைவு, மற்றபடி குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அம்மணி ஜன்னலில் உட்கார்ந்தபடி நான் மென்று முடிக்கும்வரை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பசி என்றுதான் அன்று நினைத்தேன். அவளைப் பிடித்துக் காய்கறிக் கூடையில் வைத்து, இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினேன். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் முக்கால் மணி நேரமும் என் வலதுகையில் ஒன்பது கீறலும் இருக்கின்றன. பொட்டலத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால் அது கூடையின் கயிற்றைப் பல்லில் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூவருமாகக் கால்நடை மருத்துவரிடம் போனோம்.

சின்னப் பெண். நிதானமானவர். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டார். செவ்வாய் காலை ஏழு மணி இரண்டு நிமிடத்திலிருந்து என்றேன். தராசில் வைத்தார். நாலு கிலோ இருநூறு காட்டியது. பட்டினி கிடக்கும் பிராணிக்கு எடை கூடுமா, தராசைச் சரிபாருங்கள் என்றேன். போன வாரம்தான் சரிபார்த்தது என்றார், கொஞ்சம் முகம் சுருங்கி. அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் உன்னிடம் மறைத்தேன்.

"ஐயா, நாய் ரெண்டு நாள் சாப்பிடலைன்னா அவ்வளவா பயமில்ல. பூனை அப்படி இல்ல. மூணு நாள் வயித்துல ஒண்ணும் போகலைன்னா ஈரலைப் பிடிச்சுடும். இதுக்கு வயசும் பன்னெண்டு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்பவும் தொடலைன்னா கொண்டாந்து சேர்த்துடுங்க, குழாய் போட்டுத்தான் குடுக்கணும். பிழைக்கும்னு இப்பவே என்னால சொல்ல முடியாது."

உன் வீட்டுக்காரர் காலமான வருஷத்திலிருந்து உன்னோடு இருக்கிற உயிர் அது. வீட்டில் எப்படிச் சாப்பாடு வைப்பார்களோ அப்படியே வையுங்கள் என்றார் மருத்துவர். தங்கை எழுதி வைத்த குறிப்பின்படி அட்சரம் பிசகாமல் வைக்கிறேன் என்றேன். குறிப்பை முழுக்கப் படித்தீர்களா என்றார். முழுக்கப் படித்துத்தான் வெட்டினேன் என்று சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வெட்டினதைப் படிங்க" என்றார்.

வியாழன் காலை நான் தையல்காரம்மா வீட்டு வாசலில் நின்றேன். "இப்ப வந்து கேக்கறீங்களே சார், மூணு சட்டை வெட்டி முடிச்சாச்சு" என்றார். உன் குறிப்புகள் காலராகவும் கையாகவும் முதுகாகவும் பாக்கெட்டாகவும் ஆணியில் தொங்கின. பூனை உயிருக்குப் போராடுகிறது என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தேழு துண்டு. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மேலே வந்தேன்.

மேசை போதவில்லை. கூடத்துத் தரையில் பரப்பி, நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். காலையிலிருந்து எனக்கும் பச்சைத் தண்ணீர் இறங்காததால் ரொட்டித் தட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பூனைக்கிண்ணம் காலையில் வைத்தபடி நிறைந்திருந்தது. அம்மணி ஜன்னலில் இருந்தாள். ஒரு முழுக்கைத் துண்டில் "நின்றுகொண்டு வைத்தால் தொட மாட்டாள், தரையில் உட்" என்று இருந்தது. மீதியை ஒரு பாக்கெட்டில் கண்டுபிடித்தேன். "கார்ந்து, அவள் பக்கத்தில் நீங்களும் ஒரு வாய் சாப்பிட வேண்டும். துணை இல்லாமல் அவளுக்கு இறங்காது." அதோடு ஒட்டிய வரி ஒரு காலரில் வளைந்து கிடந்தது. "அண்ணா, உங்களைத் தெரியும். இது ஒண்ணை மட்டும் வெட்டிடாதீங்க."

அதன்மேல் என் சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது, நேராக ஓடியது. உணர்ச்சி, செய்தி இல்லை என்று அன்று தள்ளியிருக்கிறேன்.

காலரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது, நேரம் தெரியாமல் போனது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அப்போதுதான் பொட்டலம் அடுக்களையிலிருந்து வந்தது. நாற்பது வினாடியில் கிண்ணத்தை முடிக்கிற நாய், காலையில் வைத்ததில் ஒரு வாய் மிச்சம் வைத்திருந்திருக்கிறது. அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்தது. என்னையும் ரொட்டியையும் தாண்டிப் போய், ஜன்னலுக்குக் கீழே நின்று, வாயைத் திறந்து தரையில் வைத்தது. ஏழு உருண்டை. எண்ணினேன். பிறகு இரண்டடி பின்னால் போய்ப் படுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது, பார்த்தால் தின்ன ஆசை வந்துவிடும் என்பதுபோல.

அம்மணி இறங்கி வந்தாள். ஏழு உருண்டையையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தட்டிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். அவள் குனிந்து முதல் உருண்டையை எடுத்தாள். நான் ஒரு வாய், அவள் ஒன்று. ஏழும் முடிந்ததும் கிண்ணத்துக்குப் போனாள், நானும் தட்டை இழுத்துக்கொண்டு தவழ்ந்தே பின்னால் போனேன்.

தங்கச்சி, வெள்ளத்தில் ஒரு ஊர் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆட்சி கவிழ்ந்த அறைக்கு வெளியே நின்றிருக்கிறேன். எல்லாவற்றையும் மாலைக்குள் எழுதிக் கொடுத்தேன், வார்த்தைக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. அந்த மத்தியானத்தை எழுத இத்தனை நாளாய் முயற்சி பண்றேன், ஒரு நாய் ஏழு உருண்டையைத் தரையில் வைத்தது என்பதற்கு மேலே ஒரு வரி வரமாட்டேங்குது. அதைக் கடவுள் காரியம்னு சொல்ல நான் ஆள் இல்லை. ஆனா அங்கே என்னைவிடப் பெரிசா ஏதோ ஒண்ணு நடந்துச்சு, நான் அதுக்குச் சாட்சி, அவ்வளவுதான் தெரியும். அன்றிலிருந்து பத்தொன்பது நாள், காலை ஏழுக்கும் மாலை ஆறுக்கும், தரையில் மூவரும் வரிசையாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். உன் அண்ணி போன பிறகு நான் உட்கார்ந்து சாப்பிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

வெட்டியதற்கு மன்னித்துவிடு. முப்பத்தேழு துண்டையும் ஒட்டி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பக்கங்கள் சட்டை வடிவத்தில் இருக்கும், பயப்படாதே. உன் மகளுக்கும், இன்னும் பெயர் முடிவாகாத என் பேத்திக்கும் மனம் நிறைந்த ஆசிகள். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, உட்கார்ந்து.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன்

பி.கு.: மேலே உள்ளதை நேற்று மத்தியானம் எழுதினேன். இன்று காலை ஆறரைக்குத் தையல்காரம்மா சாவி வாங்க வந்தார். மாடிப்படிச் சுவரில் இருக்கும் அறிவிப்பைக் கிழித்துவிட்டுத்தான் போவீர்களா என்று கேட்டார். ஏன் என்றேன். "அதைக் கிழிச்சாதான் சார் ஒண்ணு சொல்ல முடியும்" என்றார். கிழித்தேன். "நீங்க வந்த மறுநாளே உங்க பூனை பாத்ரூம் ஜன்னல் வழியா எங்க வீட்டுக்கு இறங்கிடுச்சு. அன்னிக்கிலேர்ந்து தினம் பத்து மணிக்கு அவிச்ச மீன். நீங்க கையெழுத்தெல்லாம் போட்டு ஒட்டியிருந்தீங்க, நான் எப்படி வாயைத் திறப்பேன்?" நான் மெதுவாக, அது சாப்பிடும்போது நீங்கள் பக்கத்தில் உட்காருவீர்களா என்று கேட்டேன். "எனக்கெங்க சார் நேரம்? மெஷின்ல இருந்தபடியே காலால தட்டைத் தள்ளிவிடுவேன். அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போகும்."

தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடுவது பத்திரிகை மரபு. பூனை மூன்று நாள் பட்டினி கிடந்ததாக மேலே வந்திருப்பது தவறு. துணையில்லாமல் அதற்கு இறங்காது என்பதும் தவறு. மருத்துவரின் தராசு சரி. தையல்காரம்மாவின் நெஞ்சு கல் இல்லை. பசியே இல்லாத ஒரு பிராணி மூன்று நாள் பொறுமையாக முதுகைக் காட்டி, அறுபத்தெட்டு வயதுக்காரன் ஒருவனைத் தரையில் உட்கார வைத்திருக்கிறது. உன்னையும் இப்படித்தான் உட்கார வைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. என் பிரமிப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது.

மணி ஏழு. தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், ரொட்டி மடியில். அம்மணி என்னைப் பார்க்கிறாள், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்த பார்வை. பொட்டலம் ஒரு வாய் எடுத்துக்கொண்டு வந்து வழக்கம்போல அவள் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறது. அதற்கு மட்டும் மீன் விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.