வெள்ளை மூடிக் குழாயும் உமேகோவின் கழுத்தும்

அன்புப் பேரன் ரியோஹெய்க்கு,

பாட்டி ஹிசானோ எழுதுவது. இங்கே பிளம் பூ உதிர்ந்தாயிற்று, குளிர் விட்டது, என் முழங்கால் வலிதான் விடவில்லை. நீயும் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தாண்டுக்கு நீ வராததைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் எழுதப் போவதில்லை.

என் பிறவித் தோல் கரப்பானுக்குப் புதுக் களிம்பைச் சோதிக்க, நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்துவிட்டாய் அல்லவா? நீல மூடிக் குழாய் இடது கைக்கு, வெள்ளை மூடி வலது கைக்கு. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மெழுகு, எதில் எது என்று டாக்டருக்கே தெரியாதாம். காலையும் மாலையும் தடவி நோட்டில் எழுத வேண்டும், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அந்த நர்ஸ் மூன்று தடவை சொன்னாள், செவிடியிடம் சொல்வது போல. இரண்டே வாரத்தில் இடது கை அடங்கிவிட்டது. எழுபது வருஷத்தில் முதல் தடவையாக அரைக்கைச் சட்டை போட்டேன். வலது கை பழையபடி அரித்தது. ஆகவே வெள்ளை மூடிதான் மெழுகு என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு உமேகோ ஒரு கிண்ணம் சேப்பங்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். ஊரே மறந்திருக்கும், நான் மறக்கவில்லை: இரண்டாம் வகுப்பு விளையாட்டு விழாவில் கைகோத்து ஆடும்போது, "ஐயே, இவ கையப் புடிச்சா செதில் ஒட்டிக்கும்" என்று உதறியவள் இவள்தான். தலையில் சிவப்பு நாடா கட்டியிருந்தாள். வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவது நம் தெருவில் கிடையாது, வீட்டிலோ ஒரு ஆரஞ்சுகூட இல்லை. அவளும் ஒரு மாதமாகக் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "ஏண்டி ஹிசானோ, அந்த மருந்துல எனக்கும் கொஞ்சம் குடேன், நீ மட்டும் குமரியாகணுமா?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். பழையது தீர்ந்து அன்றுதான் ஆஸ்பத்திரியில் வாங்கி வந்த புது வெள்ளைக் குழாயைக் கிண்ணத்தில் வைத்து, "தாராளமாப் பூசிக்கோடி" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன். நோட்டில் மட்டும் தினமும் வலது கைக்குத் தடவினேன்.

பத்தாம் நாள் வெந்நீர்க் குளத்தில் அவள் திரும்பி உட்காருகிறாள், கழுத்து பிறந்த குழந்தை மாதிரி வழவழ என்றிருக்கிறது! "ஹிசானோ குடுத்த குழாய் வீட்டுக்குள்ள வந்த நேரம், அரிப்பே இல்ல. தங்கமான மனசு அவளுக்கு" என்று குளிக்க வந்த அத்தனை பேரிடமும் சொல்கிறாள். நிஜ மருந்தை எடுத்து எதிரிக்குக் கொடுத்தேனே! அன்று முதல் என் இடது கையும் அரிப்பது போலவே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரண்டு குழாயையும் கொண்டுபோக வேண்டும், தராசில் வைத்து நிறுப்பார்கள். வெள்ளை இல்லையென்றால் என்னை நீக்கிவிடுவார்கள், நீலமும் போகும், மறுபடி முழுக்கைச் சட்டை. உமேகோவிடம் திருப்பிக் கேட்டுத் தலைகுனிவதைவிடச் சொறிந்தே சாவேன். ஆகவே நீ இங்கே வந்திருந்தபோது, பல் தேய்க்கும் பசை என்று நினைத்து அதை எடுத்துப் போய்விட்டதாக நர்ஸிடம் சொல்லிவிடு. நீ வரவே இல்லை என்பது எனக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது.

வயிற்றைப் போர்த்தித் தூங்கு. நீயும் உன் மனைவியும் நோய்நொடி இல்லாமல் என் வயசு வரை இருங்கள்.

இப்படிக்கு,
பாட்டி ஹிசானோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், உமேகோ வந்து நிற்கிறாள், கையில் அந்தக் குழாய், பிரிக்காமலே. "நல்ல நாள் பாத்துத் திறக்கலாம்னு சாமி மாடத்துல வச்சிருந்தேன்டி. அதுவரைக்கும் கழுத்துல வழியுற தலைச் சாயம் வேணாம்னு நிறுத்தினேன், அரிப்பே நின்னுடுச்சு. உனக்குத்தானே வேணும், வச்சுக்கோ" என்கிறாள்.

பல் பசைக் கதையை விட்டுவிடு. இப்போது குழாய் நிறைய மருந்து இருக்கிறது, நோட்டோ பத்து நாளுக்கு மேல் தடவியதாகச் சொல்கிறது. அவ்வளவையும் எங்கே தள்ளுவது? உமேகோவின் குதிகால் இரண்டும் வெடித்துக் கிடக்கின்றன. "காலை நீட்டுடி" என்றேன்.

"உன் கையாலயா?"

"இந்தக் கையாலதான். செதில் ஒட்டினா ஒட்டட்டும்."

இரண்டு காலையும் நீட்டியிருக்கிறாள். அவளும் மறக்கவில்லை, ரியோஹெய். முகம் அந்த நாடாவைவிடச் சிவந்திருக்கிறது.