ஆறு போல்ட்டும் ஒரு லாரியும்

முதல் துளை பொருந்திவிட்டது. மற்ற ஐந்தும் பொருந்துவதாக இல்லை.

ஸ்ரீரங்கத்தில் அழகிரி வீட்டுக் கார் ஷெட். அவருடைய 1948-ஆம் வருடத்து ஆஸ்டினின் பாடி, புதுப் பெயிண்டில் பளபளத்தபடி, பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கியது. முன் மூலை மட்டும் அடிச்சட்டமான சேஸிஸில் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் ஒரு விரற்கடை தள்ளியே நின்றது.

"ஏத்திடலாமா சார்?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

பழைய இரும்புக்காரர். அழகிரியின் மனைவி பொன்னுத்தாய் வரவழைத்த ஆள். காலை எட்டு மணிக்கே லாரியோடு வந்துவிட்டார்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பாடி சேஸிஸ்ல உக்காரலைன்னா, ரெண்டும் லாரியில உக்காந்துரும்," என்று பொன்னுத்தாய் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

அதில் நியாயம் இருந்ததுதான் அழகிரிக்கு எரிச்சல். ஓய்வுபெற்ற நில அளவையாளர் அவர். நான்கு வருடமாகக் காரை அளந்தார், அளந்ததைச் சரிபார்த்தார், மறுபடி அளந்தார். ஆனால் அதை இரும்புக்குப் போட மட்டும் மனம் வரவில்லை.

"முதல் போல்ட்டை இப்பவே முறுக்கிட்டீங்களே சார்?" என்றார் மெக்கானிக் ஜூட்.

"முதல் கல்லை அசையாம நட்டாத்தான் மத்த கல்லெல்லாம் சரியா வரும் ஜூட். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்."

ஜூட் கடப்பாரையால் நெம்பினார். பாடி நகரவில்லை. கதவு மட்டும் திறந்துகொண்டு வந்து முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்காரரின் நெற்றியில் இடித்தது. சரி, செயினைக் கொஞ்சம் இறக்கலாம் என்றார் அழகிரி. செயின் சிக்கிக்கொண்டது. இப்போது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ஏத்திடலாமா சார்?"

பொன்னுத்தாய் அந்த ஆளுக்கு மூன்றாவது காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அழகிரிக்கு ஒன்றுகூட வரவில்லை.

அவர் அடுத்த தெருவுக்கு ஓடி, பெருமாள் வாகனம் சுமக்கும் சாரநாதனையும் அவர் ஆட்கள் ஐந்து பேரையும் அழைத்து வந்தார். முதல் போல்ட்டைக் கழற்றியதும், ஆறு பேரும் பாடியைத் தோளில் ஏந்தி, செயினின் கொக்கியை விடுவித்தார்கள். இனி கவலையில்லை என்று அழகிரி மூச்சு விட்டார்.

தோளில் பாரம் ஏறியதும் அவர்கள் கால்கள் பழக்கத்தில் நடக்கத் தொடங்கின. ஆஸ்டின் ஆடி அசைந்து, நேராக லாரியை நோக்கிப் புறப்பட்டது.

"அந்தப் பக்கம் இல்லங்க, அந்தப் பக்கம் இல்ல," என்று அழகிரி குறுக்கே விழுந்தார். லாரிக்காரரும் ஏனோ பதறிப்போய்ப் பின்கதவைச் சாத்தினார்.

ஒருவழியாகப் பாடி திரும்பி வந்து சேஸிஸ் மேல் இறங்கியது. அழகிரி ஸ்பேனரோடு முதல் போல்ட்டுக்குப் பாய்ந்தார். சாரநாதன் அவர் கையைப் பிடித்தார்.

"அழகிரி சார், ஒண்ணை மட்டும் இறுக்கினா பாக்கியெல்லாம் கோணிக்கும். வாகனத்துக்குக் கயிறு கட்டறச்சே எல்லா முடிச்சையும் தளர்த்தியாப் போட்டுண்டு, அப்புறம்தான் ஒண்ணொண்ணா இறுக்குவோம்."

"முதல் கல்லு..." என்று ஆரம்பித்தார் அழகிரி.

"இது நிலம் இல்லையே, சார்."

அழகிரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஆறு போல்ட்டையும் தளர்வாகவே போட்டார்கள். ஒரு தள்ளு, ஒரு தட்டு. ஆறும் உள்ளே இறங்கின. பிறகு சுற்றிச் சுற்றி இறுக்கினார்கள். கதவு 'டக்' என்று சாத்திக்கொண்டது.

ஜூட் கை தட்டினார். அழகிரி பானெட்டின் மேல் கன்னத்தை வைத்து அழுதே விட்டார். பிறகு கண்ணைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜெயித்த கட்சி வேட்பாளர் போல வாசலுக்கு நடந்தார்.

"ஐயா, உங்களுக்கு இங்க வேலை இல்ல. போயிட்டு வாங்க."

லாரிக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவரைத் தாண்டிப் பொன்னுத்தாயைப் பார்த்தார்.

"அப்ப நான் கெளம்பட்டுங்களா அக்கா? முசிறியில வாழைத்தார் ஏத்தணும். இன்னொரு தடவை பழைய இரும்புக்காரனா நிக்கறதுக்கு வேற டிரைவரைப் பாத்துக்குங்க."