இருபத்தேழு டிகிரிக்காரர்

இருபத்தேழு டிகிரிக்காரரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஐந்து நட்சத்திரம் இருந்தால்தான் ஆயிற்று என்று நாலு கடை ஏறி இறங்கி ஏ.சி. வாங்குவார், வாங்கிய நாள் முதல் அது ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்வார். ஏ.சி. எதற்கு? குளிர்வதற்கு என்று சொன்னால் உங்களுக்கு விவரம் பத்தாது. மிச்சப்படுத்துவதற்கு. ஏ.சி.யே இல்லாவிட்டால் எதை வைத்து ஐயா மிச்சப்படுத்துவது?

இந்த வகையில் நான் கண்ட மாணிக்கம், ராஜபாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுத் தங்கப்பாண்டியன். ஒரு நூற்பாலையில் காற்றும் ஈரப்பதமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பிரிவில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் உலகத்தில் எங்கெங்கே காற்று வீசுகிறதோ அங்கெல்லாம் தனக்கொரு பொறுப்பு இருப்பதாக நம்புகிறவர்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் செய்ததில் பாதி நல்ல காரியம். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார். வெயில் பக்கத்துச் சன்னலுக்குத் தட்டி கட்டினார். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். இருபத்தேழில் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் போதும் என்று தெருவுக்கே பாடம் எடுத்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். நிறுத்துவாரா? கதவிடுக்கு, சன்னலிடுக்கு, பழைய ஆணி அடித்த ஓட்டை வரைக்கும் பஞ்சு வைத்து அடைத்தார். அறைக்குள் நுழைவதற்கே ஒரு முறை உண்டு. கதவை ஒரு சாண் திறந்து, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிச் சட்டென்று உள்ளே போய்விட வேண்டும். அவர் மனைவி செல்வலட்சுமி காபி கொண்டுவந்தால் தம்ளர் முதலில், ஆள் பிறகு.

"ஏட்டி, போறதுன்னா போ, வாறதுன்னா வா! நடுவுல நின்னு வேடிக்கையா பாக்குத? அம்புட்டுக் குளுரும் ஓடுது பாரு!"

காலையும் மாலையும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நிற்பார். இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் ரேட்டு ஏறிக் குடியே முழுகிப் போகும் என்பது அவர் கொள்கை. ஒரு தடவை நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் முடிந்தது. அதைப் போட்டோ எடுத்துச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு, யாராவது கைகூப்பும் வரை காத்திருந்தார்.

இந்த வீட்டுக்குத்தான் சித்திரை வெயிலில் மகள் சிவரஞ்சனி, தலைப்பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மூன்று மாதம் முழுசாகப் பேரனைக் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற புகுந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது செல்வலட்சுமியின் ஒரே ஆசை.

"இந்த மூணு மாசமாவது அந்த ஏ.சி. அது பாட்டுக்கு ஓடட்டுங்க" என்று கேட்டாள். அவரும் தலையாட்டினார். தலையாட்டியவர் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? பகல் முழுக்க ஏ.சி. ஓடப்போகிறது, பக்கத்து மில்லிலிருந்து பஞ்சுத் தூசி பறந்து வருகிறது, வெளிச்சுவரில் மாட்டிய பெட்டிக்குள் தூசி போனால் கரண்ட் கூடும். முப்பது வருஷம் மில்லில் அவர் என்ன செய்தார்? காற்றை வடிகட்டினார். சத்திரப்பட்டியில் மச்சினன் தறியில் ஆஸ்பத்திரிக்கு நெய்கிற பேண்டேஜ் துணி சுருள் சுருளாகக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து வெளிப்பெட்டியை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். லாரியில் அடிபட்ட ஆள் மாதிரி அது சுவரில் தொங்கியது.

ஒரே வாரத்தில் அறை குளிர்வது நின்றுபோனது.

"மெக்கானிக் செல்வினக் கூப்பிடுவமா?" என்றாள் செல்வலட்சுமி.

"அவன் பொறக்கதுக்கு முன்னாடி இருந்து நான் காத்தப் பாக்கேன். குளுரத்தான் செய்யுது. ஒனக்குத் தெரியல."

ஏ.சி. முகப்பில் இருபத்தேழு என்று தெரிகிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்? அதற்குப் பிறகும் வேர்த்தால் அது உடம்பின் தப்பு. மீட்டர் எகிறினால் அது பகலெல்லாம் ஏ.சி. ஓடுவதன் கணக்கு.

பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் சிவரஞ்சனியின் மாமியார் அய்யம்மாள் வெள்ளி அரைஞாண் எடுத்துக்கொண்டு பேரனைப் பார்க்க வந்தார். எதிர்வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நானும் அந்த அறைக்குள் அகப்பட்டேன். கதவு சாத்தப்பட்டது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் எப்படி மிச்சம் பிடிக்கிறது என்று தங்கப்பாண்டியன் ஆரம்பித்தார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குழந்தை வீல் வீல் என்று கத்தியது. அய்யம்மாள் அதன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து, முதுகு, அக்குள் எல்லாம் வேர்க்குரு சிவந்து கிடந்தது.

"எத்தன நாளா மதினி இப்பிடி இருக்கு?"

செல்வலட்சுமி வாயைத் திறப்பதற்குள் தங்கப்பாண்டியன் முந்திக்கொண்டார். "செத்த நேரத்துல குளுந்துரும்மா."

"அண்ணே, எங்க வீட்ல ஏ.சி.லாம் கெடையாது. ரெண்டு பக்கமும் சன்னலு இருக்கு, தெறந்தா காத்து வரும். புள்ளையவும் தாயையும் இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். தப்பா நெனைக்காதீக."

"மூணு மாசம்னு ஆசையா இருந்தேனே மதினி" என்றாள் செல்வலட்சுமி.

"புள்ள ஒடம்பப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

செல்வலட்சுமி எழுந்துபோய்த் துணிமணிகளை மடித்து வைத்துக் கொடுத்தாள். கார் கிளம்பியதும் வாசலில் நின்று தெருவே கேட்க அழுதாள்.

"ஒங்க ஐந்நூறு யூனிட்டுக்கு எம் பேரனத் தூக்கிக் குடுத்துட்டீகளே!"

சாயங்காலம் செல்வின் வந்து கட்டை அவிழ்த்தான். துணியின் மேல் தலையணைக் கனத்துக்குப் பஞ்சு அப்பிக் கிடந்தது.

"அண்ணாச்சி, இது சூட்ட வெளிய தள்ளுற பெட்டி. மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடுன்னா எப்பிடி ஓடும்? குளுரவும் செய்யாது, கரண்டையும் ரெண்டு மடங்கு தின்னுருக்கும்."

பத்தே நிமிஷத்தில் அறை குளிர்ந்தது. அருமையான குளிர். செல்வலட்சுமி அந்தப் பக்கமே போகவில்லை. தங்கப்பாண்டியன் மட்டும் கட்டிலோரம் உட்கார்ந்து காலித் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு?" என்று ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

போகட்டும், அவரை விடுங்கள். நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள். அந்தத் தாயும் பிள்ளையும் கார் ஏறியபோது உங்கள் மனசு கனத்ததா? அல்லது செல்வின் சொன்ன ரெண்டு மடங்கு என்பது மூன்று வாரத்துக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியதா? ஓடியதுதானே? அப்படியானால் ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்து போய், உங்கள் வீட்டில் யார் முதுகிலாவது வேர்க்குரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.