டபுள் விசிலுக்கு வயதான கதை

காஞ்சிபுரத்தில் கிழவராக மறுத்த ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டு டபுள் விசில்தான். ரிட்டயரான பஸ் கண்டக்டர். வயது எழுபத்தொன்று. அதை யாராவது சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

விடியற்காலையில் திருப்பருத்திக்குன்றம் வரை நடந்து திரும்புவார். நாய் குறுக்கே வந்தால் இரண்டு விசில். நாய் ஒதுங்காது, தெரு எழுந்துவிடும். ஒற்றைக் காலில் நின்றபடி பல் தேய்ப்பார். கல்யாண வீட்டில் பொரியலும் கூட்டும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து இலைப் பாயசத்தைத் துக்கம் விசாரிப்பதுபோலப் பார்ப்பார். ஒரு சாவு வீட்டில் மாலை போட்ட கையோடு, "ராத்திரில என்னா சாப்பிடுவாரு?" என்று கேட்டார். அழுதுகொண்டே பரோட்டா என்றார்கள். 'பார்த்தீர்களா' என்பதுபோல் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அன்று அடி விழாமல் அவரைக் கூட்டி வந்தவன் நான்.

நான் மாடி ஏறி மூச்சு வாங்கினால், "என்ன விட நீதான்பா கிழவன்" என்பார்.

மனைவி போய்ப் பல வருடம். மகள் செல்விக்கு முப்பத்தெட்டு வயது. சிறு வயதிலிருந்தே நடக்க முடியாது. கட்டிலிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு, எல்லாம் அவர் தூக்கித்தான். இது தெருவுக்கே தெரியும். ஆனால் இதையும் அவர் நடையையும் நாங்கள் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் வாசலில் வழுக்கி விழுந்து அவருக்குத் தோள்பட்டை முறிந்தது. இனிக் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் செல்வியைக் கட்டிலுக்கு மாற்ற நானும் என் மனைவியும் போனோம். இரண்டு பேர் தூக்கியும் பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் கிழவனாயிட்டா இவள யாருபா தூக்குவாங்க? அதுக்குதான் ஓடிக்கினு இருந்தேன்" என்றார்.

செல்விதான், "அப்பா, எனக்குத் தெரிஞ்சு நீ ஒரு ஜிலேபி துன்னதில்ல. இன்னிக்கித் துன்னு" என்றாள். ஓடிப்போய் வாங்கி வந்தேன். அவளே பிட்டு ஊட்டினாள். மூன்று தின்றார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். தலையாட்டினாரே தவிர, எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அதன்பின் மூன்றே மாதத்தில் எழுபத்தொரு வயதும் மொத்தமாக வந்து அவர் மேல் உட்கார்ந்துகொண்டது. நடை நின்றது, விசிலும் நின்றது. காலையும் மாலையும் நாங்கள் இருவரும் போய் செல்வியைத் தூக்குகிறோம்.

போன வாரம் திடீரென்று என் வயதைக் கேட்டார். ஐம்பத்து நாலு என்றேன். மனதுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார்.

"உடம்பப் பாத்துக்கப்பா" என்றார். ஊருக்குச் சொல்கிற அதட்டல் அதில் இல்லை.

சரிண்ணா என்றேன். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதை நான் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டது அன்றுதான்.