போலும் பொல்லும்

மூன்று மொழிகளும் சரளமாகப் பேசுவேன் என்று வேலை விண்ணப்பத்தில் பொய் எழுதியவள் நான். (சிங்களத்தில் பஸ் டிக்கெட் எடுப்பேன். அவ்வளவுதான்.) அதை நம்பி கொழும்பில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் என்னைச் சேர்த்துக்கொண்டது.

அங்கே புழங்கிய ஆங்கிலத்தில் வாக்களிப்பும் 'போல்', கருத்துக்கணிப்பும் 'போல்'. அகராதியில் அதே சொல்லுக்குத் தலை என்றும் பொருள் போட்டிருந்தது. அது எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

முதல் வேலை, மலையகத்தில் டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். போவதற்கு முதல் நாள் அங்குள்ள சிங்களக் கடை முதலாளிக்குத் தொலைபேசியில் என் சிங்களத்தில் சொன்னேன்: நாளை மூன்று மணிக்குக் கோயில் மண்டபத்தில் 'போல்'. ஒவ்வொருவராக வரவேண்டும். எல்லாம் ரகசியம்.

நான் போனபோது பனிமூட்டம் மண்டபத்துக்குள்ளேயே நுழைந்திருந்தது. நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லார் கையிலும் ஒரு தேங்காய். (பூசை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.)

முதலில் ஓர் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஒங்க பேரு வேணாங்க. மனசுல நெனச்சிருக்கிற ஆளு பேர மட்டும் சொல்லுங்க."

சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "முத்துராசு."

என் பட்டியலில் அப்படி ஒரு வேட்பாளர் இல்லை. 'வேறு' என்ற கட்டத்தில் எழுதினேன். அடுத்தவரும் முத்துராசு என்றார். அதற்கடுத்தவரும். ஒரு சுவரொட்டிகூட இல்லாமல் ஒருவர் தோட்டத்தையே வளைத்திருக்கிறார்; அதைக் கண்டுபிடித்தவள் நான்!

ஒரு பெரியவர் தணிந்த குரலில் கேட்டார். "மிஸ், அவரு போயிருவாருங்களா?"

"எல்லாரும் ஒரே பேரத்தானே சொல்றீங்க? கட்டாயம் போயிருவாரு." (நான் சொன்னது பாராளுமன்றத்துக்கு.)

"எப்பங்க?"

"அடுத்த மாசத்துக்குள்ள."

வரிசையில் யாரோ விசும்பினார்கள். "பாவம், ரெண்டு புள்ளைங்க," என்றது ஒரு குரல்.

நாற்பது பேரும் சொல்லி முடித்தபின் கடைசியாக வந்தவரிடம் தேங்காய் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் படிவத்தின்மேல் வைத்தார். பிரித்தால், ஒரு தாலி.

"நாந்தாங்க முத்துராசு. ஒடச்சிராதீங்க மிஸ். என் தலை வெடிச்சிரும்."

"எதைங்க ஒடைக்க?"

பின்னால் நின்ற கடை முதலாளி முணுமுணுத்தார். "மிஸ்தானே பொல், பொல்னு போன்ல சொன்னது?"

சிங்களத்தில் 'பொல்' என்றால் தேங்காய். ஒரு வாரத்துக்கு முன்பு கோயில் அம்மனின் தாலி களவு போயிருந்தது. திருடனைச் சபித்துத் தேங்காய் உடைக்க ஒரு மந்திரக்காரி வருகிறாள் என்று தோட்டம் முழுக்கச் செய்தி. அந்த மந்திரக்காரி நான்தான்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், பேர் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றவர்கள் எல்லாரும் முத்துராசுவை வளைத்துக்கொண்டார்கள். ஓங்கிய கைகளில் தேங்காய்கள்.

"நில்லுங்க! இவர் மேல கை வச்சா, சாபம் வச்சவங்களுக்கே திரும்பும்!" அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே நம்பிக்கையில்லை.

கைகள் இறங்கின. ஒவ்வொருவராகத் தேங்காயை என் காலடியில் வைத்துவிட்டுப் பனிக்குள் மறைந்தார்கள்.

நாற்பது படிவத்திலும் முத்துராசு. நிறுவனம் விளக்கம் கேட்டது, விளக்கினேன். வேலை போயிற்று.

இப்போதும் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வரும். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு மெதுவாக ஒரு பெயர். உடனே வைத்துவிடுவார்கள். அழைப்பு வரும்போதெல்லாம் என் கணவர் போனை நீட்டிச் சொல்வார்:

"இந்தா, ஒன் தொகுதி மக்கள்."