மேல் வீட்டு மீட்டர்

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மீட்டர்ல சீலே இல்லையே" என்றார் மாடியில் குடியிருக்கும் தையல்காரர்.

நாற்காலி மேல் ஏறி, மூக்குக் கண்ணாடி இடிக்க இடிக்க எண்ணைப் படித்துக்கொண்டிருந்த நூலகர் திரும்பிப் பார்த்தார். ஓய்வு பெற்றுவிட்டாலும் தெருவில் அவருக்கு இன்னமும் அதுதான் பெயர்.

"சீலா?"

"எங்கிட்ட கோட்டு தைக்கிற வக்கீல் சொன்னாரு. அங்கீகாரம் இல்லாத மீட்டரை வெச்சு குடித்தனக்காரங்ககிட்ட கரண்ட் காசு வாங்கக் கூடாதாம். சட்டமாம்."

"இத்தனை நாள் குடுத்துட்டுதானே இருந்தீங்க?"

"அதெல்லாம் வீட்ல பாத்துக்குவாங்க சார். தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருக்காங்க. எனக்கு ஊசி நூலைத் தவிர ஒண்ணும் தெரியாது."

நூலகருக்கும் தெரியாது. வீட்டில் எல்லாமே மனைவி பொறுப்பு. அவள் போன பிறகுதான் தொட்டி கழுவுவது, பால் பாக்கெட்டுக்குச் சொல்வது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் செய்துகொண்டிருந்தார். ஒரு வேலை விட்டுப்போனாலும் அவள் இன்னொரு முறை செத்துப்போன மாதிரி இருந்தது. அவள் மாதாமாதம் மேலே போய்ப் பார்த்துவந்த மாடி மீட்டர் ஒன்றுதான் பாக்கி. அதை விட அவருக்கு மனம் வரவில்லை.

மீட்டர் சோதனை அலுவலகத்துக்குப் போனார். கழற்றிக் கொண்டுவந்தால்தான் பார்க்க முடியும் என்றார் அதிகாரி. கழற்றினார்கள், மாடி இருண்டது. எலக்ட்ரீஷியன் கீழ் வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு ஒயரை மேலே இழுத்தார். தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டார், வீடே இருண்டது.

"ஒயர் தாங்காது சார். மிஷினைக் கீழ போட்டுக்கட்டுமா? ஸ்கூல் திறக்கப் போகுது. யூனிபார்ம் அப்படியே கெடக்கு."

மிஷின் கூடத்துக்கு வந்தது. அதன் பின்னாலேயே அளவு கொடுக்கப் பிள்ளைகளும், பிள்ளைகளை அதட்டத் தாய்மார்களும் வந்தார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் "சத்தம்" என்ற ஒரே சொல்லால் ஆட்களை அடக்கியவர், கூடத்து மூலையில் ஸ்டூல் போட்டு ஒடுங்கிக்கொண்டார்.

"நீங்க காஜா எடுக்கறவரா?" என்று கேட்டாள் ஒரு தாய்.

"நான் வீட்டுக்காரன்மா."

"சரி, அந்த பட்டனை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.

சோதனை முடிவு வந்தது. "மீட்டர் சரியாத்தான் ஓடுது. ஆனா அங்கீகாரம் வாங்காத மாடல். இதை வெச்சு பில் போட முடியாது" என்றார் அதிகாரி.

"சரியா ஓடுதுன்னு நீங்களே சொல்றீங்களே?"

"சரியா ஓடுறது வேற, சட்டப்படி ஓடுறது வேற."

பழைய மீட்டரைத் தூக்கிப்போடக் கை வரவில்லை. மனைவி ஆள் வைத்து மாட்டியது. அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். புதிதாக ஒன்று வாங்கினார். அங்கீகாரம் இருந்தது, ஆனால் வெகுநாள் கடையில் கிடந்ததில் சீலின் காலம் முடிந்திருந்தது. கடைக்காரரிடம் மல்லுக்கட்டி வேறொன்று மாற்றிவந்தார். கடைசியில் அதிகாரியே வந்து பார்த்துத் தலையாட்டினார்.

மிஷின் மாடிக்குத் திரும்பியது. தரையில் கிடந்த நூல் துண்டுகளைக் கூட்டி அள்ளும்போது, கூடம் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது போல நூலகருக்குத் தோன்றியது.

மாதம் முடிந்ததும் புது மீட்டரைப் படித்து, சீட்டெழுதிக்கொண்டு மேல் வீட்டுக் கதவைத் தட்டினார். தையல்காரர் மனைவி ஊரிலிருந்து வந்துவிட்டிருந்தாள்.

"உக்காருங்க சார்" என்றாள். சீட்டை வாங்கிப் புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கரண்ட் கணக்கும்மா. இப்ப எல்லாம் சட்டப்படி இருக்கு. அவ இருந்தப்போ எப்படி வாங்குனாளோ, அதே மாதிரி குடுத்தா போதும்."

"அக்கா எங்ககிட்ட ஒரு தடவைகூட கரண்டுக்குன்னு வாங்குனதே இல்லையே சார்."

"பின்ன எதுக்கு மாசாமாசம் மீட்டர் பாக்க மேல வந்தா?"

"சும்மா பேசிட்டிருக்கத்தான். கீழ பேச ஆளே இல்லைன்னு சொல்லுவாங்க. குடிவந்த புதுசுல, நீங்க ஏதோ வெளியூர்ல வேலை பாக்கறீங்கன்னே நான் நெனச்சிட்டிருந்தேன்."