மஞ்சள் காரும் மனைவியின் ‘சரி’யும்

சண்டைக்கென்று வரிந்து கட்டிக்கொண்டு போன ஆளைப் பார்த்து எதிராளி, “நீங்க சொல்றபடியே ஆகட்டும்” என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் என்னதான் செய்வான் பாவம்? நம்ம கண்ணாடிக்காரருக்கு அதுதான் நடந்தது.

கண்ணாடிக்காரர் என்றால், கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா என்று கேட்கிற மனிதர். வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. இந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும், முட்டிவலி வரும். இவருக்கு ரேஸ் கார் வந்தது.

காரா அது! மஞ்சள் நிறம். இரண்டே இருக்கை. கூரை கிடையாது, கதவு கிடையாது, ஏசி கிடையாது, பாட்டுக் கேட்க வழி கிடையாது. எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று செய்தவன் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போயிருக்கிறான். சக்கரத்துக்கு வந்தபோது யாரோ கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும். உள்ளே ஏறுவதென்றால் முதலில் ஒரு காலை விட வேண்டும், அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு வயிற்றை விட வேண்டும். ஆனால் ஓட ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாது.

அதை ஊர் ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. ஊருக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய்ச் சுற்றலாம். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை, ஓட்டுகிற சுகம் மட்டும்தான். அங்கே வரைக்கும் காரை ஒரு ட்ரெய்லரில் ஏற்றி, பட்டை போட்டுக் கட்டி, ட்ரெய்லரை வீட்டுக் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த மொத்த ஏற்பாட்டையும் கடைக்குள் உட்கார்ந்தே கமுக்கமாக முடித்துவிட்டார். மீதி இருந்தது மனைவியிடம் சொல்வது மட்டும்.

அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை. எத்தனை நேரம் காத்திருந்தாலும் ஒருத்தரும் குரலை உயர்த்தாமல் பார்த்துக்கொள்வதில் கெட்டிக்காரி. ஆனால் வீட்டில் அவள் பேச்சு எடுபட்டதில்லை. அவள் வேண்டாம் என்று சொன்ன எல்லாவற்றையும் அவர் செய்திருந்தார். மலை ஏறினார். மாடிச் சுவருக்குத் தானே தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தார். மீசை கூட அப்படி வந்ததுதான்.

அதனால் இந்தத் தடவை ஒரு வாரமாகக் கடைக் கண்ணாடி முன்னால் நின்று பதில்களை ஒத்திகை பார்த்தார். ஆபத்து என்பாளா, அதற்கொரு பதில். செலவு என்பாளா, அதற்கொரு பதில். அழுதால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமினார்.

“ஒரு கார் வாங்கிட்டேன். ரேஸ் கார்.”

“சரி.”

“கதவு இல்லாத கார்.”

“சரி.”

“மாசா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை டிராக்குக்குப் போகப் போறேன். நாள் பூரா.”

“போயிட்டு வாங்க. பீன்ஸ் போதுமா, இன்னும் கொஞ்சம் போடவா?”

மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஒத்திகை பார்த்த பதில்களெல்லாம் நெஞ்சிலேயே அடைத்துக்கொண்டு நின்றன. உனக்குக் கோபம் வரவில்லையா என்று அவரே எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். எதுக்குக் கோபம் என்று கேட்டுவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ட்ரெய்லர் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றபோது அவளே தன் பூந்தொட்டிகளைத் தள்ளி வைத்தாள். போகிற அன்று காலையில் சாப்பாட்டு டப்பாவும் கையுமாக வாசலுக்கு வந்து, சிரித்த முகமாக அனுப்பி வைத்தாள். சாயங்காலம் வந்தால் போதும் என்றும் சொன்னாள்.

அங்கேதான் பிடித்தது சனி.

பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயரான பஸ் டிரைவர் இருந்தார். தெருவுக்கே அவர் பஸ் அண்ணன். தனிக்கட்டை. காரை ஏற்றி இறக்கக் கைகொடுக்கிறேன் என்று கூடவே வந்திருந்தார். டிராக்கில் முதல் சுற்று ஓட்டும்போது கண்ணாடிக்காரருக்கு உண்மையிலேயே சொர்க்கமாக இருந்தது. காற்று காதைக் கிழித்தது. கடை மறந்தது, வயது மறந்தது, இருபது வயசில் விட்டுப்போனது ஏதோ திரும்பி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இரண்டாவது சுற்றில் ஒரு வளைவுக்கு வந்தார். திடீரென்று ஒரு யோசனை. சாயங்காலம் வந்தால் போதும் என்றாளே, ஏன்? அவ்வளவுதான். பிரேக் மறந்துபோய்க் கார் பம்பரமாகச் சுழன்று புல்லில் போய் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது.

பஸ் அண்ணன் ஓடிவந்து என்ன ஆச்சு தம்பி என்றார். என் பெண்டாட்டி சரின்னு சொல்லிட்டா அண்ணே என்றார் இவர். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

வீடு திரும்பினால், அவள் பளிச்சென்று முகம் கழுவி, தலை சீவி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கதவைத் திறக்கிறாள். சமையலறையில் கழுவிக் கவிழ்த்த டம்ளர் இரண்டு. ஒருத்திக்கு எதற்கு இரண்டு டம்ளர்? யாராவது வந்தாங்களா என்று விசாரித்தார். ஏன், யாராவது வரணுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சந்தேகம் கிடையாது. அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக நினைத்தவரில்லை. அவரை அரித்தது வேறு. நான் இல்லாத வீட்டில் இப்படிப் பாட்டு வருகிற அளவுக்கு என்னதான் நடக்கிறது? என்னோடு இருக்கும்போது ஏன் அது நடக்கவில்லை? கடையில் ஒரு பாட்டிக்கு எழுத்துப் பலகையைத் தலைகீழாக மாட்டிவிட்டு, தெரியவில்லையா தெரியவில்லையா என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

அடுத்த மாதம் ஒரு திட்டம் போட்டார். கிளம்புவது போலக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்து, தெருமுனையில் நின்று நைசாக எட்டிப் பார்ப்பது. நல்ல திட்டம்தான். பின்னால் ஒரு ட்ரெய்லரும் அதன்மேல் ஒரு மஞ்சள் ரேஸ் காரும் இருக்கிறது என்பதை மட்டும் திட்டத்தில் சேர்க்கவில்லை. முனையில் வண்டியை ஓரம் கட்டப் பார்த்தார். ட்ரெய்லரைப் பின்னால் தள்ளுவது தனி வித்தை. அது வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். பஸ் அண்ணன் சொல்லச் சொல்ல இவர் பதற்றத்தில் எல்லாவற்றையும் மாற்றி ஒடித்து, கார் ஒரு பக்கமும் ட்ரெய்லர் ஒரு பக்கமுமாக மடங்கித் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. பால்காரர் நின்றார், தண்ணி லாரி நின்றது, லாரி விடாமல் ஹாரன் அடித்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவள் அவர் மனைவி.

அவள் முன்னால் வந்தாள். நடுத்தெருவில் நின்று, ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும், இப்ப நேராக்குங்க என்று கையைக் காட்டி வண்டியை வெளியே எடுத்துக் கொடுத்தாள்.

“நேரமாச்சே, டிராக்ல கேட்டைச் சாத்திடப் போறாங்க. போயிட்டு வாங்க” என்று வழியனுப்பியும் வைத்தாள்.

அதற்கடுத்த மாதம் வயிற்றுவலி என்று சொல்லிப் போகாமல் வீட்டிலேயே படுத்துக்கொண்டார். ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்து நாள் பூரா கண்காணித்தார். அவள் துணி மடித்தாள், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள், மத்தியானம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். பாட்டும் இல்லை, இரண்டாவது டம்ளரும் இல்லை. இன்னைக்கு ஏன் ஒண்ணும் நடக்கலை என்று பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

“இன்னைக்கு நீங்க இருக்கீங்களே” என்றாள்.

அதோடு மனிதர் உடைந்துபோனார். டிராக்குக்குப் போனால் வீட்டு நினைப்பு, வளைவுக்கு வளைவு புல்லில் மேய்ச்சல். வீட்டில் இருந்தால் விஷயமே நடப்பதில்லை. கடைசியில் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேரம் பேசினார். நான் இல்லாதபோது என்ன செய்கிறாய் என்று சொல், காரை விற்றுவிடுகிறேன் என்றார். நான் விக்கச் சொல்லலையே, உங்க இஷ்டம் என்றாள் அவள். வித்தால் சொல்வாயா என்றார். வித்தா சொல்றேன் என்றாள்.

பஸ் அண்ணனே வாங்கிக்கொண்டார். காலம் பூரா பஸ் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டியவருக்கு தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அவருக்குச் சரி சொல்லவும் ஆள் இல்லை, வேண்டாம் சொல்லவும் ஆள் இல்லை. ட்ரெய்லர் அடுத்த வாசலுக்கு நகர்ந்தபோது கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சோபாவில் வந்து உட்கார்ந்தார்.

“வித்தாச்சு. இப்ப சொல்லு. என்னதான் செஞ்சே?”

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

“ஜன்னல் பக்கத்துல உக்காந்திருப்பேன். வேற என்ன செய்ய? போன் அடிச்சா எடுக்கவே பயமா இருக்கும். எங்க ஆஸ்பத்திரி மேசைக்கு அடிபட்டவங்கள எப்படி எப்படியெல்லாம் தூக்கிட்டு வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. சோறு இறங்காது. டீயா போட்டுக் குடிப்பேன். உங்க ட்ரெய்லர் தெருமுனையில லொடலொடன்னு திரும்புற சத்தம் கேட்டாத்தான் உசிரே வரும். எந்திரிச்சு மூஞ்சியக் கழுவி, தலையச் சீவி, பாட ஆரம்பிச்சிடுவேன்.”

“அந்த ரெண்டாவது டம்ளர்?”

“அதுல யாரும் குடிக்கலை. சும்மா கழுவி வெச்சேன்.”

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை தவிப்பு தவித்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? அப்பவே வித்திருப்பேனே.”

“வித்திருப்பீங்களா?”

அவர் மீசையைத் தடவிக்கொண்டு நேர்மையாக யோசித்துப் பார்த்தார். விற்றிருக்க மாட்டார். இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருப்பார்.